மழைக்கு முன்னால் மாலாவில் ஏறவேண்டியவை

2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. பிற்பகலில் மும்பை தாராவியில் எங்கள் சந்தில் கணுக்கால் அளவுக்கு நின்ற தண்ணீர், விளக்கு வைக்கும் நேரத்துக்குள் இடுப்புக்கு வந்துவிட்டது. அம்மா முதலில் மாலாவில், அதாவது வீட்டுக்குள் இருக்கும் மேல்தளத்தில், ஏற்றியது அரிசி மூட்டையை. அடுத்தது மிக்ஸி. அதற்கும் பிறகு, தைத்துக் கொடுப்பதற்காக வாங்கி வைத்திருந்த துணிக்கட்டு. கட்டிலுக்கு அடியில் கிடந்த பிஸ்கட் டப்பா யார் நினைவுக்கும் வரவில்லை. ரேஷன் கார்டு, அப்பாவின் போட்டோபாஸ் (குடிசைவாசிக்கு அரசு கொடுக்கும் படம் ஒட்டிய அட்டை), பழைய கரண்ட் பில்கள், என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. மறுநாள் திறந்தபோது அவை சேறு குழைத்த ஒரே கட்டியாக இருந்தன.

அந்த அரிசியின் விலை அன்றைக்குச் சில நூறு ரூபாய். அந்தக் காகிதங்களின் நகலைத் திரும்ப வாங்க அப்பா இரண்டு வருடம் அலைந்தார். ஒவ்வொரு முறை அலுவலகம் போனபோதும் ஒரு நாள் கூலி போயிற்று. "இந்தக் கவுண்டர் இல்லை, அந்தக் கவுண்டர்" என்ற பதிலுக்காக அவர் கொடுத்த விலை அது. எதை முதலில் மேலே ஏற்றுவது என்று அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் எடுத்த முடிவு தப்பாகப் போனதுதான் காரணம். பதற்றத்தில் எடுக்கும் முடிவு அப்படித்தான் இருக்கும். அதனால் அதை மே மாதமே எடுத்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாலா என்பது மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாமல் போகலாம். பத்துக்குப் பத்து அடி கோலிக்குள், அதாவது ஒற்றை அறை வீட்டுக்குள், ஆள் உயரத்துக்கு மேல் பலகையோ இரும்புச் சட்டமோ அடித்து, ஏணி சார்த்திப் போட்ட மேல்தளம். கீழே சமையல், மேலே படுக்கை. பேரிடருக்கு வீட்டைத் தயார் செய்வது பற்றிச் செய்தித்தாள்களில் வரும் பட்டியல்கள், காலியான அலமாரி இருக்கும் வீட்டுக்காக எழுதப்பட்டவை. ஏழு நாள் உணவு, ஆளுக்கொரு பை, முதலுதவிப் பெட்டி, ஜெனரேட்டர். கோலியில் ஒரு பொருளைப் புதிதாக வைக்க வேண்டுமென்றால் இன்னொன்று வெளியே போக வேண்டும். நம் கையில் இருப்பது ஒரு மாலா, இரண்டு மூன்று ஆட்கள், தண்ணீர் ஏறும் அந்தக் கொஞ்ச நேரம். ஆகவே நமக்கு எது வாங்குவது என்பதைவிட, எது எந்த வரிசையில் மேலே போகும் என்பதே பெரிய கேள்வி. அந்த வரிசையைப் போட்டு வைக்கப் பணம் வேண்டாம்.

முதலில், தண்ணீர் எப்போது வரும் என்பது. இதை விதி என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். உண்மையில் மும்பை வெள்ளத்தின் ஒரு பாதியை முன்கூட்டியே சொல்ல முடியும். இந்த ஊரின் மழைநீர் வடிகால்கள் கடலில் போய்த்தான் திறக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் வாய், கடல் ஏறி நிற்கும் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கடல் ஏறியிருக்கும்போது வடிகாலில் இருக்கும் தண்ணீர் வெளியே போக வழியில்லை, நகரத்துக்குள்ளேயே நிற்கும். வெள்ளைக்காரன் காலத்து வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத்தான் தாங்கும், அதுவும் கடல் வற்றியிருந்தால். அதை 50 மில்லிமீட்டர் ஆக்கும் திட்டத்துக்கான அறிக்கை 1993-இலேயே வந்தது. வேலை வேகம் எடுத்தது 2005-க்குப் பிறகுதான். அந்த ஜூலை 26 அன்று வடக்கே சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் பெய்தது 944 மில்லிமீட்டர். தெற்கே கொலாபாவில் நூறைக்கூடத் தொடவில்லை. விகார், பவாய் ஏரிகள் நிரம்பி வழிந்து வரும் மிட்டி ஆறு, தாராவியை உரசிக்கொண்டு போய் மாகிம் கழிமுகத்தில் விழுகிறது. வடக்கே பெய்தது எல்லாம் நம் வாசல் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். அன்று பிற்பகல் கடலும் ஏறியிருந்தது. மும்பையில் மட்டும் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். அமாவாசை, பௌர்ணமி தொடங்கி அடுத்த நாலைந்து நாள் ஏற்றம் பெரிதாக இருக்கும். நம்மில் பலருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அங்கே கடற்கரை ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். மும்பைத் தமிழர் வீடு எதில் நுழைந்தாலும் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். ராகுகாலம் பார்ப்பதற்கும் கிருத்திகை பார்ப்பதற்கும் வைத்திருக்கும் அதே தாளில் அமாவாசையும் பௌர்ணமியும் அச்சாகியிருக்கின்றன. 2005 ஜூலையில் பௌர்ணமி 21-ஆம் தேதி. வெள்ளம் வந்தது அதற்கு ஐந்தாம் நாள்.

இன்னொரு விஷயம் இந்த ஊருக்கே உரியது. மும்பையில் மழைக்காலத்துப் பெரிய ஏற்றங்கள் பெரும்பாலும் நண்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிக்குள் வருகின்றன. காலை ஷிப்ட் பள்ளி விட்டுப் பிள்ளைகள் சந்து சந்தாக வீடு திரும்பும் நேரம் அது. பெற்றோர் இருவரும் வேலையில் இருப்பார்கள். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பக்கத்தில் காலண்டரில் சிவப்புப் பேனாவால் ஐந்து நாள் கோடு போடுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே நான்கரை மீட்டருக்கு மேல் கடல் ஏறும் நாட்களை மாநகராட்சி தேதி, மணி போட்டு வெளியிடும். அது கிடைத்தால் நேரத்தையும் எழுதிக்கொள்ளலாம். கோடு போட்ட நாளில் மழையும் பிடித்துக்கொண்டால் பிள்ளைகளை யார் போய்க் கூட்டி வருவது, அல்லது பள்ளிக்குப் பக்கத்தில் யார் வீட்டில் அவர்கள் நிற்பது என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

ஆனால் காலண்டரை மட்டும் நம்பவும் கூடாது. 2017 ஆகஸ்ட் 29 அன்று ஊர் மூழ்கியபோது அமாவாசை கழிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. கடலின் பங்கு குறைவு, மழையே போதுமானதாக இருந்தது. வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால், 24 மணி நேரத்தில் 204 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யக்கூடும் என்று பொருள். அன்று காலண்டரில் கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இனி காகிதம். எங்கள் வீட்டு வரிசையில் இது முதல் இடத்துக்கு வந்ததற்கு அப்பா அலைந்தது மட்டும் காரணமில்லை. மகாராஷ்டிரத்தில் குடிசைப் பகுதியில் இருப்பவர், 2000 ஜனவரி 1-க்கு முன்பே அந்த இடத்தில் குடியிருந்ததைக் காட்டினால்தான், குடிசைகளை இடித்துக் கட்டடம் கட்டும் மறுசீரமைப்பில் இலவச வீட்டுக்குத் தகுதி. அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு வேறு விதி, பணமும் கட்ட வேண்டும். தாராவியில் 2024-இல் தொடங்கிய வீட்டுக் கணக்கெடுப்பின்போது எத்தனை பேர் பெட்டிகளைத் தலைகீழாகக் கொட்டித் தேடினார்கள் என்பதை இங்கே இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு கரண்ட் பில், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் பக்கம், போட்டோபாஸ். இவற்றின் எடை நூறு கிராம் இருக்குமா? ஒரு குடும்பம் இந்த ஊரில் தொடர்ந்து இருப்பதும் இல்லாததும் அந்த நூறு கிராமில் இருக்கிறது. ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை அரசின் டிஜிலாக்கர் செயலியில் திரும்ப எடுத்துவிடலாம். 1998-ஆம் வருடத்துக் கரண்ட் பில்லை எந்த லாக்கரும் கொடுக்காது.

ஆகவே, அசல் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்துக் கெட்டியான பாலிதீன் பையில் வைத்துக் காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்து ரப்பர் பேண்ட் போட்டு, அதை இன்னொரு பையில் தலைகீழாக வைத்து மறுபடியும் கட்டுங்கள். வாய் எதிர்த் திசையில் இருக்கும்போது தண்ணீர் உள்ளே போவது கடினம். நாற்பது ஐம்பது ரூபாயில் முடிகிற வேலை. லேமினேட் செய்யாதீர்கள். அதன் மேல் முத்திரை குத்த முடியாது, பின்பக்கம் எழுத முடியாது. ரேஷன் கடை ரசீது மாதிரியான பளபளக் காகிதத்தைச் சூட்டு இயந்திரத்தில் விட்டால் முழுக்கக் கறுத்துவிடும். அந்த வகைக் காகிதம் சும்மா வைத்திருந்தாலே இரண்டு மூன்று வருடத்தில் வெளுத்துப்போகும், அதனால் வாங்கியவுடன் ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டும்.

ஜெராக்ஸில் இரண்டு செட். ஒன்று, இதே மழையில் நனையாத இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும். தள்ளியிருக்கும் வேறு ஊரில் சொந்தம் இருந்தால் அங்கே, இல்லையென்றால் பூர்வீக ஊருக்கு. மே மாதம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போகிறவர்கள் துணிமணியோடு இந்த உறையையும் எடுத்துப் போகலாம். இன்னொரு செட்டைப் போனில் படம் பிடித்து, குடும்பத்தில் இரண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள். அசல் பையை மாலாவில் கூரைச் சட்டத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டால் யாரும் தேட வேண்டியதே இல்லை. எங்கள் வீட்டில் இப்போது அப்படித்தான் தொங்குகிறது.

அப்படியும் நனைந்துவிட்டால், ஒட்டிய தாள்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். கட்டியாகவே சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசி, நிழலில் மின்விசிறிக் காற்றில் வைத்து, தானாக விலக விலக நடுவே வெள்ளைத் துணியையோ மை ஒட்டாத காகிதத்தையோ செருகி உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் முறுக்கிக்கொள்ளும். மையால் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள், அலசாதீர்கள். அன்றைக்கு உலர்த்த நேரமில்லையென்றால், பிளாஸ்டிக்கில் சுற்றி பிரிட்ஜில் ஐஸ் வைக்கும் தட்டில் போட்டுவிடலாம். உறைந்த காகிதத்தில் பூஞ்சணம் வராது, ஒரு வாரம் கழித்துக்கூட எடுத்து உலர்த்தலாம். உங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லாவிட்டாலும் சந்தில் ஒருவர் வீட்டில் இருக்கும். 2005-இல் இது எங்களுக்குத் தெரிந்திருந்தால்!

காகிதத்துக்கு அடுத்தது மருந்து. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா என்று தினம் மாத்திரை எடுப்பவர் வீட்டில் இருந்தால், கடைசி மாத்திரை வரை போய்விட்டு வாங்கப் போகிற பழக்கத்தை மழைக்காலத்தில் விட வேண்டும். ஒரு அட்டை கையிருப்பு போதும். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முகாமில் இருக்கும் மருத்துவருக்கு அந்தப் படம் போதும்.

கேஸ் சிலிண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிலிண்டர் கனமாக இருப்பதால் தண்ணீரில் அசையாது என்று நினைப்போம். 14.2 கிலோ கேஸ், இரும்பின் எடை ஏறக்குறைய பதினைந்து, பதினாறு கிலோ. நிறைந்திருந்தாலும் மொத்தம் முப்பது கிலோதான். ஆனால் அதன் கொள்ளளவே 33 லிட்டருக்கு மேல். அதாவது, நிறைந்த சிலிண்டரும் தண்ணீரில் மிதக்கும். பாதி காலியானது நெட்டி மாதிரி மிதக்கும். அது மிதந்து உருளும்போது ரப்பர் குழாய் இழுபட்டுக் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேஸ் காற்றைவிடக் கனமானது, கோலியின் தரையோடு படிந்து நிற்கும். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே இருப்பது ஒரு தகரம். ஆகவே தண்ணீர் வாசலைத் தொட்டதும் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரோடு வந்த பிளாஸ்டிக் மூடியைப் போட்டு, சுவர் வளையத்தில் கயிற்றால் கட்டுங்கள். அந்த மூடியைத் தூக்கி எறியாமல் சிலிண்டர் கழுத்திலேயே நூலில் கட்டி வைத்திருக்க வேண்டும். தண்ணீர் வடிந்து திரும்ப மாட்டும்போது சோப்பு நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி வேண்டாம். கசிவு என்று தெரிந்தால் கதவைத் திறந்துவிட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள். அது நாடு முழுவதும் கேஸ் கசிவுக்கான எண்.

மின்சாரத்துக்கு ஒரே விதி. தண்ணீர் பிளக் போர்டைத் தொடுவதற்கு முன் மெயின் ஆஃப். ஈரக் கையோடும் தண்ணீரில் நின்றுகொண்டும் அதைத் தொடக்கூடாது, அந்த நிலை வரும்வரை காத்திருக்கவும் கூடாது. சந்தில் இரும்புக் கம்பத்தையும் ஷட்டரையும் பிடிக்காமல் நடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கலங்கல் தண்ணீரில் நடக்க வேண்டி வந்தால் கையில் ஒரு நீளக் குச்சி இருக்க வேண்டும். 2017 வெள்ளத்தில் மூடி திறந்திருந்த மேன்ஹோலில் விழுந்து இறந்தவர் இந்த ஊரின் பெயர்பெற்ற மருத்துவர் ஒருவர். வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார்.

குடிதண்ணீர். வெள்ளம் என்றால் எங்கும் தண்ணீர், குடிக்க மட்டும் இருக்காது. இங்கே குழாயில் தண்ணீர் நாள் முழுவதும் வருவதில்லை, சில மணி நேரம்தான். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் விழுகிறது. குழாயில் எங்காவது ஓட்டையோ தளர்ந்த இணைப்போ இருந்து, அதைச் சுற்றிச் சாக்கடை நின்றால், அந்த வழியாகச் சாக்கடை குழாய்க்குள் போய்விடும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது முதலில் வருவது அதுதான். அதனால்தான் வெள்ளம் வடிந்த மறுநாள், தெளிவாகத் தெரியும் தண்ணீரைக் குடித்தும் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு வருகிறது. முதலில் வரும் தண்ணீரைத் தரை கழுவ வைத்துக்கொண்டு, பின்னால் வருவதைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டுக் குடியுங்கள். அடுப்பு இல்லையென்றால் குளோரின் மாத்திரை, உறையில் எழுதியிருக்கும் அளவுப்படி போட்டு அரை மணி நேரம் காத்திருந்து குடிக்க வேண்டும்.

சேமித்து வைக்க, ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று கணக்கு. ஐந்து பேருக்கு இரண்டு நாள் என்றால் முப்பது லிட்டர். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். குளிர்பானம் வந்த இரண்டு லிட்டர் பாட்டில் பதினைந்து சேர்த்தால் கணக்கு சரி. கல்யாணம், வளைகாப்பு நடக்கும் மண்டபங்களில் அவை எத்தனையோ கிடைக்கும். ஒரே பெரிய டிரம்மைவிட இவை நல்லது. மாலாவில் ஓரமாக அடுக்கலாம், ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும், பிள்ளைகளும் தூக்குவார்கள். கோடு போட்ட நாட்களுக்கு முந்தைய நாள் கழுவிப் புதிதாகப் பிடித்தால் போதும். வயிற்றுப்போக்கு வந்தால் கொடுக்க ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு வாங்கி வையுங்கள். அதுவும் இல்லாத நேரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய டீஸ்பூனால் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு இந்த அளவைத் தாண்டக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுப்பு இல்லாமல் சாப்பிட அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு, கடலை மிட்டாய். பாவ் ரொட்டியும் பாலும் கடையில் முதல் மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். ஒரு கிலோ அவல் ஐந்து பேருக்கு ஒரு நாளைத் தள்ளும்.

பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். மும்பையில் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது ஜூன் 11 வாக்கில். பள்ளிக்கூடம் திறப்பதும் அதே நேரம். பீஸ், யூனிபார்ம், புத்தகம், குடை எல்லாம் ஒரே மாதத்தில். அதற்கு முந்தைய மாதம் ஊருக்குப் போன செலவு வேறு. அதாவது வருடத்தில் கை மிகவும் வறண்டிருக்கும் நேரத்தில்தான் வெள்ளம் வருகிறது. மே கடைசியில் ஆயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கச் சொல்லும் எந்த அறிவுரையும் அதனால்தான் தோற்றுப்போகிறது. பொங்கலிலிருந்து மே வரை மாதம் ஒரு பொருள் என்று வைத்தால் தாங்கும். ஜனவரியில் பாலிதீன் உறையும் ஜெராக்ஸும், பிப்ரவரியில் டார்ச்சும் செல்லும், மார்ச்சில் ஓ.ஆர்.எஸ்., குளோரின், விசில், ஏப்ரலில் மாலா ஏணிக்கு ஆணியும் கயிறும். எங்கள் சந்தில் பெண்கள் மாதாமாதம் பிசி போடுகிறார்கள். ஊரில் சீட்டு என்பது இங்கே பிசி. அதில் ஆளுக்கு இருபது ரூபாய் கூடுதலாகப் போட்டு, ஜூன் மாதச் சீட்டை ஏலம் விடாமல் யார் வீட்டில் தண்ணீர் புகுந்ததோ அவர்களுக்கென்று இரண்டு வருடமாக நிறுத்தி வைக்கிறோம். முதல் வருடம் தயக்கம் இருந்தது. இப்போது சேர விரும்புகிறவர்கள்தான் அதிகம்.

வீட்டில் ஐந்நூறு ரூபாயாவது பத்து, இருபது, ஐம்பது நோட்டாக இருக்க வேண்டும். 2020 அக்டோபர் 12 அன்று காலை மும்பை முழுவதும் கரண்ட் போய் ரயில்கள் நின்றன. அப்படிப்பட்ட நாளில் டவர் போனால் போனில் இருக்கும் பணத்தைக்கொண்டு ஒரு டீகூடக் குடிக்க முடியாது. அதே வருடம் மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கு நமக்குக் காட்டியது இன்னொன்று. தண்ணீர் புகாமலேயே, சுவர் இடியாமலேயே ஒரு வீடு கவிழலாம், கூலி நின்றால் போதும். பதினைந்து நாள் அரிசி கையில் இருந்தவர்கள் அன்று ஊருக்கு நடக்கலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மே மாதம் வங்கிக் கணக்கில் ஐந்நூறு ரூபாய் இருக்கிறதா என்று பாருங்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா விபத்துக் காப்பீட்டுக்கு வருடம் 20 ரூபாய், ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய். இரண்டும் தலா 2 லட்சம். இரண்டிலும் காப்பீட்டு வருடம் ஜூன் 1-இல் தொடங்குவதால் பணம் மே கடைசி வாரத்தில் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். அந்த வாரம் கணக்கு காலியாக இருந்தால், மழை தொடங்கும்போது காப்பீடு இருக்காது. ஊருக்குப் போய்வந்த செலவில் கணக்கைத் துடைத்துவிட்டு, இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் வீடுகள் நிறைய.

மேல்மாடி உள்ளவரும் கீழ்க்கோலியில் இருப்பவரும் ஒரே சந்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எங்கள் சந்தில் எதிர்வீட்டு மைனி இரண்டாம் தளத்தில் இருக்கிறார். சந்தில் நடக்க முடியாத கிழவி ஒருவர், நிறைமாதக்காரி ஒருத்தி, காது கேளாத பையன் ஒருவன் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வந்தால் அவர்களை யார் மைனி வீட்டுக்கு ஏற்றுவது என்பது மட்டும் முன்பு தெரியாமல் இருந்தது. இப்போது பெயர் சொல்லிப் பிரித்து வைத்திருக்கிறோம். விசில் மூன்று முறை ஊதினால் ஆள் வேண்டும் என்று பொருள். வேறு எதற்கும் ஊதக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம். தகவலுக்கு மாநகராட்சியின் 1916, ஆம்புலன்ஸுக்கு 108. வாட்ஸப்பில் வரும் செய்தியைக் கேட்டு யாரும் ஓடுவதில்லை என்றும் பேச்சு. 2005 வெள்ளத்துக்கு இரண்டு நாள் கழித்து, அணை உடைந்தது, சுனாமி வருகிறது என்று பரவிய வதந்தியால் ஜூகூ பக்கம் நேரு நகர்க் குடிசைப் பகுதியில் நெரிசலில் மிதிபட்டே பலர் இறந்தார்கள். அன்று வாட்ஸப்கூடக் கிடையாது.

தண்ணீர் வடிந்ததும் நமக்கு முதலில் தோன்றுவது துடைப்பத்தை எடுப்பது. அதற்கு முன் போனை எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை, நனைந்த மெத்தை, கெட்டுப்போன சாமான், எல்லாவற்றையும் கதவு எண் தெரியப் படம் பிடியுங்கள். பஞ்சநாமா, அதாவது சேதக் கணக்கு, எழுதும் அதிகாரிகள் வருவதற்குள் வீடு பளிச்சென்று இருந்தால் காட்ட ஒன்றும் இருக்காது.

அந்தத் தண்ணீரில் நடந்தவர்கள் எல்லோரும் எலிக் காய்ச்சலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, காலில் இருக்கும் சின்னச் சிராய்ப்பு வழியாகக் கிருமி உடம்புக்குள் போகிறது. தண்ணீரில் நடந்த 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்ள மாநகராட்சி சொல்கிறது. அதன் மருந்தகங்களிலும் ஆப்லா தவாகானா என்ற சிறு கிளினிக்குகளிலும் காசில்லாமல் கொடுப்பார்கள். கடையில் நாமாக வாங்கிப் போடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் மருந்து வேறு. காய்ச்சல் உடனே வராது, பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாளுக்குள் வரும், சில சமயம் ஒரு மாதம்கூட ஆகும். அதற்குள் வெள்ளத்தையே மறந்திருப்போம். தலைவலியும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்து காய்ச்சல் வந்தால் சயான் ஆஸ்பத்திரிக்கோ, தாராவியில் இருக்கும் அதன் கிளையான சோட்டா சயானுக்கோ போய், "பன்னிரண்டு நாளைக்கு முன்னால் வெள்ளத் தண்ணீரில் நடந்தேன்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். அந்த நாளைக் காலண்டரில் குறித்து வைத்திருந்தால் எண்ணிச் சொல்ல முடியும்.